ஒட்டுக்கன்றுக் கணினி

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் தாலுகாவில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது சேரங்கோடு. ஊராட்சியின் எல்லையைத் தாண்டினால் வயநாடு. ஊட்டிக்குப் போவதைவிடச் சுல்தான் பத்தேரிக்குப் போய்வருவது இந்த ஊர்க்காரர்களுக்கு எளிது. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்காகத் தமிழக அரசு உருவாக்கிய டான்டீ தோட்டங்கள் இந்தப் பக்கம் பரந்து கிடக்கின்றன. தமிழும் மலையாளமும் கலந்துதான் கடைவீதியில் பேச்சு நடக்கும். உறவுகள் எல்லையின் இரு பக்கமும் இருக்கும்.

இந்த எல்லையின் இரு பக்கமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் ஒரே லினக்ஸ் அல்ல. தமிழகப் பக்கம் பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் மையம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு அதை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து அதுவும் மாணவர்கள் கைக்கு வந்தது. கேரளப் பக்கம், 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017இல் கைட் என்ற நிறுவனமான அமைப்பு, பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. அதன் 22.04 பதிப்பு உபுண்டு 22.04இன்மேல் கட்டப்பட்டது. உபுண்டுவோ 2004இல் டெபியனிலிருந்து கிளைத்தது. ஆக இரண்டுக்கும் மூலம் டெபியன்தான். இரண்டிலும் மென்பொருள் வந்து சேரும் கோப்பின் வடிவம்கூட ஒன்றே: டெப் பேக்கேஜ்.

வடிவம் ஒன்று என்பதால் இயல்பாக ஓர் ஆசை எழும். வயநாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் கணினியில் இருக்கும் ஒரு நல்ல கணிதப் பயிற்சி நிரலைப் பென் டிரைவில் போட்டுச் சேரங்கோட்டில் இருக்கும் சித்தப்பா மகளிடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய மடிக்கணினி டெபியன் 11இன் நிலையில் இருக்கிறது. நிறுவச் சொன்னால் என்ன நடக்கும்? பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடும். ஒரு டெப் கோப்பைப் பிரித்தால் உள்ளே மூன்று உறுப்புகள் இருக்கும்: வடிவத்தின் பதிப்பு எண், பேக்கேஜைப் பற்றிய விவரத் தொகுப்பு, நிறுவப்பட வேண்டிய கோப்புகளின் தொகுப்பு. பின்னிரண்டும் அழுத்திச் சுருக்கப்பட்டவை. 2021 அக்டோபரில் வந்த 21.10 பதிப்பிலிருந்து உபுண்டு அந்தச் சுருக்கத்துக்கு இசட்-ஸ்டாண்டர்டு என்ற புதிய முறைக்கு மாறியது. டெபியன் 11இல் உள்ள டிபிகேஜி என்ற நிறுவும் கருவிக்கு அந்த முறை தெரியாது. கோப்பைத் திறக்கவே முடியாமல் அது திரும்பிவிடும்.

சரி, யாராவது அதைப் பிரித்துப் பழைய முறையில் மறுபடி சுருக்கித் தந்தால்? இரண்டாவது தடை அங்கே காத்திருக்கிறது, அதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். லினக்ஸில் ஓடும் ஏறக்குறைய எல்லா நிரல்களும் ஒரே ஒரு லைப்ரரியின் மேல் நிற்கின்றன. கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது, திரையில் ஒரு வரி எழுதுவது எல்லாம் அதன் வழியாகத்தான். குனு சி லைப்ரரி என்று பெயர். டெபியன் 11இல் அதன் பதிப்பு 2.31. உபுண்டு 22.04இல் 2.35. டெபியன் 12இல் 2.36. டெபியன் 13இல் 2.41. ஒரு நிரலைக் கட்டும்போது, அது எந்தெந்தச் செயற்கூறுகளைக் கேட்கிறது என்பதோடு, அந்தச் செயற்கூறின் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்பதும் நிரலுக்குள் பதிந்துவிடும். 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில், ஒவ்வொரு நிரலும் புறப்படும்போது முதலில் அழைக்கும் தொடக்கச் செயற்கூறுக்கே புது முத்திரை விழுந்தது. அதனால் 2.34க்குப் பிந்தைய ஒரு கணினியில் கட்டப்பட்ட மிகச் சிறிய நிரல்கூட 2.31 உள்ள கணினியில் ஓடாது. 2.34 இல்லை என்ற ஒற்றை வரி வந்து நின்றுவிடும்.

எதிர்த்திசையில் இந்தச் சிக்கல் இல்லை. 2.31இன் காலத்தில் கட்டிய நிரல் 2.41இன்மேல் நன்றாக ஓடும். பழைய முத்திரைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டே அந்த லைப்ரரி வளர்கிறது. பழையது புதியதின்மேல் நிற்கும், புதியது பழையதின்மேல் நிற்காது. பல கிளைகளைக் கலந்து ஒரு கணினியை நடத்த நினைப்பவர் மனத்தில் முதலில் பதிய வேண்டியது இந்த ஒருதிசைத் தன்மைதான்.

இனி அந்தக் கிளைகள் எவை என்று பார்ப்போம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்தின் பாத்திரப் பெயர்களை வைக்கும் வழக்கம், அன்று பிக்ஸாரில் வேலைபார்த்த புரூஸ் பெரன்ஸ் காலத்தில் வந்தது. டெபியனில் மூன்று முதன்மைக் கிளைகள். நிலைக்கிளை ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறைந்த நிலையில் வெளியாகும், அதன்பின் பிழைத்திருத்தம் மட்டும் பெறும். நிலையற்ற கிளைக்கு சிட் என்று பெயர், படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்துவீட்டுப் பையனின் பெயர் அது. புதியவை எல்லாம் முதலில் அங்கே இறங்கும். இரண்டுக்கும் நடுவே சோதனைக்கிளை. 2000ஆம் ஆண்டுவரை நடுக்கிளை கிடையாது. வெளியீட்டுக்குத் தயாராகும்போதெல்லாம் மொத்தத்தையும் உறையவைத்து மாதக்கணக்கில் பிழை தேடவேண்டியிருந்தது. ஆன்டனி டவுன்ஸ் உருவாக்கிய நடுக்கிளை அந்த முறையை மாற்றியது. சிட்டில் இறங்கிய ஒரு பேக்கேஜ், பெரிய பிழை எதுவும் பதிவாகாமல் சில நாட்கள் தாக்குப்பிடித்தால், அதன் சார்புகளும், அதாவது அது நம்பியிருக்கும் மற்றப் பேக்கேஜ்களும், ஒத்துவந்தால், ஒரு நிரல் அதைத் தானாகச் சோதனைக்கிளைக்கு நகர்த்தும். அவசர நிலையைப் பொறுத்து அந்தக் காத்திருப்பு 2, 5 அல்லது 10 நாள்.

ஆட்கள் கிளைகளைக் கலக்கத் தொடங்கியதற்குக் காரணம் பொறுமையின்மை மட்டும் அல்ல. 2002 ஜூலையில் வுடி என்ற நிலைக்கிளைப் பதிப்பு வெளியானது. அடுத்த சார்ஜ் 2005 ஜூனில்தான் வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உலகம் ஓடிக்கொண்டிருக்க, நிலைக்கிளைக்காரர்கள் அதே இடத்தில் நின்றார்கள். அடித்தளம் உறுதியாக வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு நிரல்கள் மட்டும் இன்றையவையாக வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. இன்றும் நியாயமானது. அதைத் தீர்க்கும் கருவிகள் அந்த இடைவெளியில் முதிர்ந்தன.

சேரங்கோட்டுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு உறுதியான அடித்தளத்தின்மேல் புதியதைச் சேர்க்கும் இந்த அமைப்பு கையில் பழகிய ஒன்று. தென்னிந்தியாவின் தேயிலை ஆராய்ச்சி கூடலூர்ப் பக்கத்துத் தேவர்சோலையில் வேர்விட்டது. அங்கே தொடங்கிய உபாசி ஆய்வகத்தின் வழியில் வந்த நர்சரிகள், வறட்சி தாங்கும் ஒரு ரகத்தை வேர்ச்செடியாகவும், விளைச்சலும் தரமும் உள்ள இன்னொன்றை ஒட்டுக்குச்சியாகவும் சேர்த்து ஒட்டுக்கன்று தயாரிக்கும். நிலைக்கிளைதான் வேர்ச்செடி, புதிய நிரல்தான் ஒட்டு. ஒட்டு பிடிப்பதும் பிடிக்காததும் வெட்டுப்பரப்பில் இரண்டின் வளர்திசுவும் சரியாகப் பொருந்துவதைப் பொறுத்தது. கணினியில் அந்த வெட்டுப்பரப்பு, நிரலின் சார்புப் பட்டியல். அந்தப் பட்டியல் கேட்பதையெல்லாம் கீழே உள்ள பழைய லைப்ரரிகளே தந்துவிட்டால் ஒட்டு பிடிக்கும். அது ஒரு புதிய சி லைப்ரரியைக் கேட்டால், நீங்கள் ஒட்டுக் கட்டவில்லை, வேரைப் பிடுங்குகிறீர்கள்.

ஓர் உண்மையான தேவையை வைத்து இதை நடத்திப் பார்க்கலாம். பழைய தமிழ் நூல்களின் பக்கங்களைப் படமெடுத்து எழுத்தாக மாற்ற டெசரக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. டெபியன் 11 அதே ஆண்டு ஆகஸ்டிலேயே வெளியாகிவிட்டது, ஆகவே அதில் இருப்பது 4.1.1. டெபியன் 12இல் 5.3.0. நம் சேரங்கோட்டு மடிக்கணினியில் ஐந்தாம் பதிப்பு வேண்டும் என்று, பேக்கேஜ்களை இறக்கும் களஞ்சியங்களின் பட்டியலில் டெபியன் 12இன் முகவரியையும் சேர்த்து, ஆப்டிடம் கேட்கிறோம். ஆப்ட் என்பது சார்புகளைக் கணக்கிட்டு, வேண்டியதையெல்லாம் சேர்த்து இறக்கித் தரும் கருவி. டெசரக்ட் தன் சொந்த லைப்ரரியைக் கேட்கும். அது லெப்டோனிகா என்ற பட லைப்ரரியைக் கேட்கும். அது டிஃப் படங்களைப் படிக்கும் லைப்ரரியின் ஆறாம் எண்ணைக் கேட்கும். நம்மிடம் இருப்பது ஐந்தாம் எண். இதில் ஆபத்து இல்லை. எண் மாறினால் பேக்கேஜின் பெயரும் கோப்பின் பெயரும் மாறும் என்பது டெபியனின் விதி. அதனால் ஐந்தும் ஆறும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், பழைய நிரல்கள் ஐந்தையும் டெசரக்ட் ஆறையும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பட்டியலின் அடியில் சி லைப்ரரி வரும். அதன் எண் 1997இலிருந்து ஆறாகவே இருக்கிறது. உள்ளே முத்திரைகள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே பழையதும் புதியதும் அருகருகே இருக்க வழியில்லை, 2.31 வெளியேறி 2.36 வந்து உட்காரும். மேலே சொன்னபடி பழைய நிரல்கள் அதன்மேலும் ஓடும், கணினி அன்று மாலை நன்றாகவே வேலை செய்யும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த நொடியிலிருந்து அவர்களுடைய கணினியின் அடித்தளம் டெபியன் 11 அல்ல. 11இன் மற்றப் பேக்கேஜ்களை 2.36இன்மேல் வைத்து யாரும் சோதித்ததில்லை. 11க்கு வரும் சி லைப்ரரிப் பாதுகாப்புத் திருத்தமும் இனி அதற்குப் பொருந்தாது.

பைத்தான் நிரல்மொழியைத் தொட்டால் இன்னும் கடுமை. டெபியன் 11இல் பைத்தான் 3.9, 12இல் 3.11, 13இல் 3.13. பைத்தானுக்காகக் கட்டப்பட்ட பல பேக்கேஜ்கள் 3.9 முதல் 3.10க்குக் கீழ் வரை என்று மேல்வரம்பும் வைத்திருக்கும். பைத்தானை மேலே இழுத்தால் அவை அனைத்தும் ஒன்று கூடவே மேலே வரவேண்டும், இல்லை நீக்கப்பட வேண்டும். ஒரு சின்ன நிரலை நிறுவப் போய், டெஸ்க்டாப்பில் பாதியை நீக்கட்டுமா என்று ஆப்ட் கேட்பது இப்படித்தான். அந்தப் பட்டியலைப் படிக்காமல் சரி என்று தட்டுவதுதான் பெரிய விபத்து. நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலை வரி வரியாகப் படித்த பின்பே விரல் சரி என்று தட்ட வேண்டும். ஆப்டுக்குப் பாவனை ஓட்டம் என்று ஒரு வசதி உண்டு: எதையும் தொடாமல், என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். கலப்புக் கணினியில் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆப்ட் ஏன் சில நேரம் நமக்கு விபரீதமாகத் தோன்றும் தீர்வைத் தருகிறது? இதன் பின்னால் கணினி அறிவியலின் ஆழமான ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பேக்கேஜை நிறுவ முடியுமா என்ற கேள்வி, அதாவது இது வேண்டும், இதற்கு அதுவோ இதுவோ வேண்டும், ஆனால் அதுவும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளின் வலையில் ஒரு முரணற்ற தேர்வு உண்டா என்ற கேள்வி, 1971இல் ஸ்டீபன் குக் விவரித்த மெய்ம்மைப் பொருத்தச் சிக்கலின் வகையைச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த எடோஸ் ஆய்வுத் திட்டம் 2006இல் இதை நிறுவிக் காட்டியது. எந்த வலைக்கும் விரைவாக விடைகாணும் பொதுவழி இதுவரை கண்டறியப்படவில்லை. டெபியன் 12இல் 64,419 பேக்கேஜ்கள் இருந்தன. ஒரே கிளைக்குள் இவை ஒன்றோடொன்று பொருந்துமாறு முன்பே சீர்செய்யப்பட்டிருப்பதால் நடைமுறையில் கணக்கு எளிதாக முடிகிறது. இன்னொரு கிளையைச் சேர்த்த உடனே ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு, மூன்று பதிப்புகள் போட்டிக்கு வருகின்றன. ஆப்ட் ஒரு முரணற்ற விடையைத் தேடித் தரும். நீங்கள் விரும்பும் விடையைத் தர அதற்கு உங்கள் விருப்பம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விருப்பத்தைச் சொல்லும் வழிதான் முன்னுரிமை எண்கள். இதைப் புரிந்துகொண்டவர் கையில் கலப்புக் கணினி பல ஆண்டு நிற்கும். ஒவ்வொரு கிளைக்கும், தேவையானால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும், ஓர் எண் கொடுக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் பொதுவாகக் களஞ்சியங்களுக்கு 500. ஒரே எண் என்றால் புதிய பதிப்பு வெல்லும். அதனால்தான், சோதனைக்கிளையின் முகவரியைச் சேர்த்துவிட்டு எண் எதுவும் கொடுக்காமல் மேம்படுத்தினால் மொத்தக் கணினியும் சோதனைக்கிளைக்குப் போய்விடும். இதுதான் என் கிளை என்று அறிவித்தால் அந்தக் கிளைக்கு 990. ஏற்கனவே நிறுவப்பட்டிருக்கும் பதிப்புக்கு 100. எண் 1000ஐ எட்டினால் மட்டுமே ஆப்ட் ஒரு பேக்கேஜைப் பழைய பதிப்புக்கு இறக்கும். எதிர்ம எண் கொடுத்தால் அது ஒருபோதும் வராது.

இப்போது 99க்கும் 100க்கும் இடையிலுள்ள மெல்லிய கோட்டைப் பாருங்கள். சோதனைக்கிளை தானாகத் தலையிடாதிருக்க வேண்டும் என்று அதற்கு 50 கொடுக்கிறார் ஒருவர். ஒரு நிரலை மட்டும் கேட்டு வாங்கி அங்கிருந்து நிறுவுகிறார். அடுத்த மாதம் அந்த நிரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, சோதனைக்கிளையில் திருத்தம் வருகிறது. அவருடைய கணினி அதை எடுத்துக்கொள்ளாது. நிறுவப்பட்ட பதிப்பின் எண் 100, வரும் திருத்தத்தின் எண் 50. குறைந்த எண் கூடிய எண்ணை வெல்லாது. 100 என்று எழுதியிருந்தால் இரண்டும் சமமாகி, புதியது வென்றிருக்கும். நிலைக்கிளையில் இருக்கும் பழைய பதிப்பு 500 வைத்திருந்தாலும் இங்கே தலையிடாது, கீழிறக்கம் 1000 முதல்தான். ஆகவே 100க்குக் கீழே எழுதப்பட்ட எண், ஓட்டையோடு உறைந்த நிரலை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினியில் வைத்திருக்கும். நான் பார்த்த பல கலப்புக் குறிப்புகள் இதைச் சொல்வதே இல்லை. சொல்லப்பட வேண்டியதில் முதன்மையானது இது.

இதே வகையில் இன்னொரு பொறி, 2021இல் டெபியன் 11உடன் வந்தது. அதுவரை பாதுகாப்புத் திருத்தங்களின் களஞ்சியத்துக்கு இருந்த பெயரமைப்பு அந்தப் பதிப்பில் மாறியது. டெபியன் 11இன் பெயரான புல்ஸ்ஐ என்பதுதான் என் கிளை என்று எழுதி வைத்திருந்தவர்களின் கணினியில் முதன்மைக் களஞ்சியம் 990 பெற்றது. புதுப் பெயரில் வந்த பாதுகாப்புக் களஞ்சியம் அந்த அறிவிப்போடு பொருந்தாமல் 500இலேயே நின்றது. திருத்தங்கள் வந்து வாசலில் கிடக்கும், உள்ளே ஏறாது. வெளியீட்டுக் குறிப்பில் டெபியன் இதைத் தெளிவாக எழுதி, இரண்டு பெயர்களையும் பிடிக்கும் வாய்ப்பாட்டையும் தந்திருக்கிறது. வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் படிப்பவர்கள் குறைவு என்பது வருத்தமான உண்மை. ஆப்ட் பாலிசி என்ற கட்டளை எந்தக் களஞ்சியத்துக்கு எந்த எண் என்று வரிசையாகக் காட்டும். எண்களை எழுதிய பிறகு ஒருமுறை அதை ஓட்டிக் கண்ணால் சரிபார்த்தால் இந்தப் பொறியில் விழவேண்டியதில்லை.

கிளைகளுக்கு இடையிலான தூரம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, டிரிக்ஸி, வெளியானது. அன்று காலை வரை சோதனைக்கிளையாக இருந்ததும் அதுவே. அடுத்த சில வாரங்களில் நிலைக்கிளைக்கும் புதிய சோதனைக்கிளைக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, அப்போது கலப்பது சுலபம். மாதங்கள் போகப்போக மேற்கிளை விலகிச் செல்லும், அங்கிருந்து எதை இழுத்தாலும் வேர் சேர்ந்து வரும். முதல் ஆண்டில் தொல்லை தராத அமைப்பு இரண்டாம் ஆண்டில் பைத்தானையும் சி லைப்ரரியையும் கேட்கத் தொடங்கும். சோதனைக்கிளையையும் சிட்டையும் கலப்பதில் இந்தச் சிக்கல் குறைவு, ஒன்றுக்கும் மற்றதுக்கும் நாட்கணக்கில்தான் தூரம்.

சில வேளை இந்தத் தூரம் ஒரே தாவலில் கூடிவிடும். 2024இன் தொடக்கத்தில் அப்படி நடந்தது. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளின் எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்கு முன் அந்த எண்ணை 64 பிட்டுக்கு மாற்ற டெபியன் முடிவெடுத்தது. நேரத்தைக் கையாளும் நூற்றுக்கணக்கான லைப்ரரிப் பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் டி64 என்ற ஒட்டு சேர்ந்தது. முன்பு சொன்ன டிஃப் லைப்ரரியைப் போல இவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாது. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் கோப்பு அதே பெயரில் அதே இடத்தில் உட்காருவதால், புதியது வந்தால் பழையது வெளியேற வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் 64 பிட் மடிக்கணினிகளில் நேர எண் முன்பே 64 பிட்தான், அவற்றுக்கு உள்ளடக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் பெயர் மாற்றத்தின் விலையை எல்லாரும் கொடுத்தார்கள். அந்த வாரங்களில் சிட்டிலிருந்து எதையும் இழுக்காமல் இருந்தவர்களே நிம்மதியாக இருந்தார்கள்.

அதே நேரத்தில்தான் எக்ஸ்இசட் விவகாரமும் வெடித்தது. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர் ஆண்ட்ரஸ் பிராயண்டு, டெபியன் சிட் ஓடும் தன் கணினியில் எஸ்எஸ்எச் வழி நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைத் தொடர்ந்து போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புதைத்த பின்வாசலை வெளிக்கொண்டுவந்தார். சிட்டிலும் சோதனைக்கிளையிலும் அந்தப் பதிப்புகள் நுழைந்திருந்தன. நிலைக்கிளையான டெபியன் 12இல் இருந்தது 5.4.1, அதற்குப் பாதிப்பில்லை. நிலைக்கிளையை அடித்தளமாக வைத்து, மேலே இரண்டு மூன்று நிரல்களை மட்டும் சோதனைக்கிளையிலிருந்து எடுத்தவர்கள் தங்கள் கணினியில் எக்ஸ்இசட் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று உடனே பார்க்கவேண்டியிருந்தது. ஒரு நிரலோடு சார்பாக ஏறிவந்த லைப்ரரி எது என்று தெரிந்துவைத்தவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

டெபியன் அதைச் சரிசெய்த விதத்தைப் பாருங்கள். 5.6.1ஐ எடுத்துவிட்டு நம்பகமான 5.4.5ஐக் கொடுக்க வேண்டும். ஆனால் ஆப்ட் தானாகக் கீழே இறங்காது. ஆகவே 5.4.5இன் நிரலையே 5.6.1+ரியலி5.4.5 என்ற பதிப்பு எண்ணோடு வெளியிட்டார்கள். எண்ணில் மேலே, உள்ளடக்கத்தில் கீழே. உலகெங்கும் இருந்த கணினிகள் அதை மேம்படுத்தலாகவே ஏற்றுக்கொண்டன.

பதிப்பு எண்ணைக் கையாள்வதில் இதற்கு நேர்மாறான இன்னொரு நுட்பம் பின்னேற்றத்தில் இருக்கிறது. 2010 முதல் டெபியனின் அதிகாரபூர்வச் சேவையாக இருக்கும் பின்னேற்றக் களஞ்சியம், சோதனைக்கிளையில் உள்ள புதிய நிரலின் மூலநிரலை எடுத்து நிலைக்கிளையின் பழைய லைப்ரரிகள்மேல் வைத்து மறுபடி கட்டித் தருகிறது. இதில் வேர் தொடப்படுவதில்லை. அப்படிக் கட்டிய பேக்கேஜின் எண்ணுக்குப் பின்னால் ஓர் அலைக்குறியும் பிபிஓ என்ற எழுத்துகளும் சேரும். டெபியனின் ஒப்பீட்டு விதியில் அலைக்குறி, ஒன்றுமில்லாததைவிடவும் சிறியது. ஆகவே அடுத்த நிலைக்கிளை வந்து அதே எண் இயல்பாக வெளியாகும்போது அது பெரியதாக எண்ணப்பட்டு, பின்னேற்றப் பேக்கேஜ் தானாக விலகி இடம் கொடுக்கும். களஞ்சியமும் முன்கூட்டியே 100 என்ற எண்ணோடு வருவதால், கேட்டால் மட்டும் கிடைக்கும், கிடைத்ததற்குத் திருத்தமும் தொடர்ந்து வரும். இத்தனை கவனத்தோடு சிந்திக்கப்பட்ட ஒரு வழி இருக்கும்போது, வேண்டிய நிரல் அங்கே இருந்தால் வேறெங்கும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அங்கே இல்லாவிட்டால்? பிளாட்பேக் என்ற முறையில் நிரல் தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தானே கட்டிக்கொண்டு வரும், அடித்தளத்தைத் தொடாது. ஆனால் முதல் நிரலுக்கே நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டி மின்சாரமும் அலைவரிசையும் விட்டுவிட்டு வரும் பந்தலூர்ப் பக்கத்தில் அது சின்ன விஷயம் அல்ல. நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கொள்கலன்களும் உதவும், ஆனால் பள்ளிப் பிள்ளையின் கணினிக்கு அவை அதிகம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முடித்த முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்த நிக்ஸ் முறை, சிக்கலை வேரிலேயே கழற்றுகிறது. ஒவ்வொரு பேக்கேஜும் தன் சார்புகள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட ஒரு தனி முகவரியில் உட்காரும். சி லைப்ரரியின் நான்கு பதிப்புகள்கூட ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கும். பல கிளைகளைக் கலப்பது அங்கே ஒரு பிரச்சினையே அல்ல. வட்டில் இடமும், புதிதாக ஒரு மொழி கற்கும் பொறுமையும் அதற்கு விலை.

சேரங்கோட்டு மடிக்கணினிக்குத் திரும்பினால், அதில் எதைக் கலக்கலாம் என்று இப்போது துணிந்து சொல்ல முடியும். எழுத்துருக்களை எந்தக் கிளையிலிருந்தும் எடுக்கலாம். கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்காக உருவாக்கிய மீரா இனிமை போன்ற எழுத்துருவில் கட்டப்பட்ட நிரல் எதுவும் இல்லை, சி லைப்ரரியோடு அதற்கு உறவும் இல்லை. அகராதிகள், பாடக் குறிப்புகள் போன்ற வெறும் தரவுகளும் அப்படியே. இயங்குதளத்தின் உள்மையமான கர்னலைப் பின்னேற்றத்திலிருந்து எடுக்கலாம், கர்னல் மாறினாலும் மேலே ஓடும் நிரல் உடையக் கூடாது என்பதில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாக இருப்பதன் பயன் அது. சி லைப்ரரி, பைத்தான், பெர்ல் மொழி, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி ஆகியவற்றை வெளியிலிருந்து எடுக்கவே கூடாது. கைட்டிலிருந்தும் உபுண்டுவிலிருந்தும் கட்டப்பட்ட நிரல்களை நேரடியாகக் கொண்டுவரக் கூடாது. பேக்கேஜ்களின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை வேறு அடித்தளத்தின் மேல், வேறு கைகளால் கட்டப்பட்டவை, இங்கே ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தரவில்லை. வயநாட்டுப் பிள்ளை கொடுத்த கணிதப் பயிற்சி நிரல், பெரும்பாலும் டெபியனின் களஞ்சியத்திலேயே அதே பெயரில் இருக்கும். பென் டிரைவைவிட அங்கே தேடுவதுதான் முதல் வேலை.

டெசரக்ட் ஐந்து வேண்டும் என்றால் அந்த மடிக்கணினிக்கு நேர்வழி ஒன்று உண்டு. டெபியன் 11க்கான நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31வரைதான், எப்படியும் மேலேறியாக வேண்டும். வெளிக்கிளைகளிலிருந்து வந்த பேக்கேஜ்கள் எவை என்று ஆப்டிடம் பட்டியல் கேட்டு, அவற்றை நீக்க வேண்டும். முன்னுரிமை எண்கள் எழுதிய கோப்பை அகற்ற வேண்டும், வெளியீட்டுக் குறிப்புகளும் இதையே சொல்கின்றன. கோப்புகளை ஒரு வெளிவட்டில் நகலெடுத்துக்கொண்டு முதலில் 12க்கும், அது சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகு 13க்கும் ஏற வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டிக் குதிப்பதை டெபியன் ஆதரிப்பதில்லை. 12இல் ஏறிய உடனேயே டெசரக்ட் 5.3.0, தமிழுக்கான தரவோடு, கலப்பு எதுவும் இல்லாமல் நிலைக்கிளையிலேயே கிடைக்கும்.